திருமண ஆலோசகரிடம் போகும் முன்: சிங்கப்பூரில் அவர் தகுதியை நீங்களே சரிபார்க்கும் வழி

சிங்கப்பூரில் மருத்துவராக வேலை பார்க்கப் பதிவு வேண்டும். வழக்கறிஞருக்கும் வேண்டும். வீட்டில் மின்கம்பி இழுப்பவருக்குக்கூட உரிமம் உண்டு. ஆனால் ‘திருமண ஆலோசகர்’, ‘குடும்ப தெரபிஸ்ட்’, ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்று கதவில் பெயர் ஒட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. ஆறேழு வருடம் படித்துப் பயிற்சி பெற்றவரும் அந்தப் பெயரைப் போடலாம், இரண்டு சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் வந்தவரும் போடலாம். இருவரின் இணையப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரு சோபா, ஒரு செடி, சிரித்த முகம்.

நானும் கணவரும் ஆள் தேடியபோது இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல யாரும் அகப்படவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்கவும் தயக்கம். இங்கே ஒருவரிடம் கேட்டால் மறுநாள் ஊரிலிருந்து அம்மா போன் செய்வார். ஒவ்வொரு இடமாக விசாரித்து, ஒவ்வொரு பட்டமாகத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இப்போதுதான் சிங்கப்பூர் வந்தவர்களையும், முதல்முறையாக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது.

தொடங்கும் முன் ஒன்று. வீட்டில் அடிதடி, மிரட்டல், பயம் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை ஓரமாக வையுங்கள். உடனடி ஆபத்துக்கு 999. மற்ற நேரத்தில் தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000, நாள் முழுதும் எடுப்பார்கள். அடிக்கிறவரும் அடிவாங்குகிறவரும் ஒரே அறையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது அந்த நிலையில் சரியான முதல் படி அல்ல. அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். முதலில் பாதுகாப்பு.

1. உங்களுக்கு எந்த ஆள் வேண்டும் என்று பாருங்கள்

மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து, அதன்மேல் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுத வேண்டுமென்றால் அவர்தான். உங்கள் இருவரில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு, தூக்கமின்மை, குடிப்பழக்கம் என்று ஏதாவது இருந்தால் அதை முதலில் அல்லது கூடவே கவனிக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும்.

உளவியலாளர் உளவியல் படித்தவர், மதிப்பீடும் சோதனையும் செய்வார், சிகிச்சையும் தருவார். ஆலோசகர் கவுன்சலிங்கில் பட்டமோ முதுகலையோ பெற்றவர். சமூக ஊழியர் குடும்பச் சேவை நிலையங்களில், அதாவது அரசாங்க நிதியில் வட்டாரந்தோறும் இயங்கும் உதவி மையங்களில், இருப்பார். வீட்டுக் கடன், வேலை, பிள்ளை, மாமியார் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகியவர்.

அப்படியானால் குடும்ப, தாம்பத்திய தெரபிஸ்ட் யார்? இங்கே பெரும்பாலும் மேலே சொன்னவர்களில் ஒருவர்தான். ஒரு அடிப்படைத் தொழில் இருக்கும், அதன்மேல் குடும்ப சிகிச்சையில் இரண்டாவது பயிற்சி இருக்கும். அதனால் ஒருவரின் பின்னணியைப் பார்க்கும்போது கேள்வி எப்போதும் இரண்டு. அடிப்படைத் தொழில் என்ன? அதன்மேல் தம்பதிகளோடு வேலை செய்ய எங்கே, எவ்வளவு காலம் பயின்றார்? முதல் கேள்விக்கு நல்ல பதில் வந்ததுமே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. தனி ஆளோடு பேசுவதில் கெட்டிக்காரரான ஆலோசகர், கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து கத்தும்போது திணறிப்போவதுண்டு. அது வேறு திறமை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ளவர்கள் மணமுறிவுக்கு மனுச் செய்யும் முன் ஒரு கட்டாயப் பெற்றோர் நிகழ்ச்சியை முடிக்க வேண்டும். முஸ்லிம் தம்பதிகளுக்கு ஷரியா நீதிமன்ற வழியில் திருமண ஆலோசனைத் திட்டம் தனியாக உண்டு. இவை சட்ட நடைமுறையின் பகுதி. நான் இங்கே எழுதுவது நீங்களாகப் போய்ப் பார்க்கும் சிகிச்சையைப் பற்றி.

2. பின்னணியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்து மயங்காதீர்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகைக்குள் அடங்கும்: படிப்பு, மேற்பார்வையில் செய்த பயிற்சி, சங்க உறுப்பியம், குறிப்பிட்ட சிகிச்சை முறையில் பெற்ற சான்று.

படிப்பில் முதுகலையைத் தேடுங்கள். இங்கே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், தேசியக் கல்விக் கழகம், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் போன்ற இடங்களில் கவுன்சலிங் முதுகலை படித்தவர்களை அதிகம் பார்ப்பீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பெயரை முழுதாக எழுதிக் கேட்டு வாங்கித் தேடுங்கள். இந்தியப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது, ஐந்து நிமிட வேலை. ‘டாக்டர்’ என்று முன்னால் இருந்தால் எந்தத் துறையில் முனைவர் பட்டம் என்று கேட்கத் தயங்காதீர்கள். வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவரும் டாக்டர்தான். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் உங்கள் சண்டைக்கு அது உதவாது.

டிப்ளமோ என்ற சொல்லில் கவனம். முதுகலைக்குப் பிறகு குடும்ப சிகிச்சையில் செய்யும் நீண்ட டிப்ளமோ ஒருவரைப் பற்றி நல்ல அடையாளம். எந்தப் பட்டமும் இல்லாமல் இணையத்தில் சில வாரத்தில் முடித்த டிப்ளமோ வேறு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ‘எத்தனை மாதம், நேரில் வகுப்பா, உண்மையான தம்பதிகளோடு பயிற்சி இருந்ததா’ என்று கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்தது மேற்பார்வை. இதைத்தான் நான் பட்டத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். தெரபி என்பது புத்தகத்தில் வரும் வேலை இல்லை. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்து, பதிவுகளைக் கேட்டு, ‘இங்கே நீங்கள் கணவர் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்’ என்று சுட்டிக்காட்டிக் காட்டித்தான் வரும். ஒரு அளவுகோலுக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைப் பாருங்கள். அங்கே திருமண, குடும்ப தெரபிஸ்ட் உரிமம் வாங்க முதுகலைப் படிப்போடு 3,000 மணி நேர மேற்பார்வை அனுபவம் வேண்டும், அது குறைந்தது 104 வாரங்களில் பரவியிருக்க வேண்டும், அப்புறம் தேர்வுகள். இந்த 3,000 மணியில் தம்பதி, குடும்பம், பிள்ளைகள் என்று மூன்றும் சேர்ந்து கட்டாயம் இருக்க வேண்டியது 500 மணி மட்டும். ஆக, பெயரிலேயே ‘திருமண’ என்று இருக்கும் உரிமம் உள்ளவரும் பெரும்பகுதி நேரம் தனி ஆட்களையே பார்த்திருக்கலாம். உரிமம் பெரிய விஷயம்தான். ஆனாலும் ‘வாரத்தில் எத்தனை தம்பதிகளைப் பார்க்கிறீர்கள்?’ என்ற கேள்வியை அது உங்களிடமிருந்து எடுத்துவிடவில்லை.

இன்னொன்று: பயிற்சி முடிந்து பத்து வருடம் ஆனவரும் இன்றைக்கு யாரிடமாவது மேற்பார்வையில் இருக்க வேண்டும். ‘இப்போது உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா?’ என்று கேளுங்கள். நன்கு பயிற்சி பெற்றவர் சட்டென்று, கொஞ்சம் சந்தோஷமாகக்கூடப் பதில் சொல்வார். முகம் சுருங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

சிகிச்சை முறைச் சான்றுகளில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள். தம்பதி சிகிச்சையில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் இரண்டு பெயர்கள் காட்மன் முறை, உணர்வு மையச் சிகிச்சை என்ற இஎஃப்டி. காட்மன் முறையில் ‘லெவல் 1’ என்பது இரண்டு நாள் அறிமுக வகுப்பு, வீட்டிலிருந்து இணையத்திலேயே முடிக்கலாம். லெவல் 2, 3 தாண்டி, தன் அமர்வுகளின் காணொளியை மதிப்பீட்டுக்குக் கொடுத்துத் தேறியவர்தான் ‘சர்ட்டிஃபைட் காட்மன் தெரபிஸ்ட்’. இஎஃப்டியிலும் அதே கதை. ‘எக்ஸ்டர்ன்ஷிப்’ என்பது நான்கு நாள் வகுப்பு. சான்று பெற்ற தெரபிஸ்ட் ஆவதற்கு அதன்பிறகு நீண்ட பயிற்சியும், பதிவுகளைக் காட்டி மேற்பார்வை பெறுவதும் இருக்கிறது. ‘டிரெய்ன்ட் இன்’ என்று எழுதியிருந்தால் வகுப்புக்குப் போனார் என்று பொருள். ‘சர்ட்டிஃபைட்’ என்று எழுதியிருந்தால் அந்த அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், போய்ப் பாருங்கள். ‘இன்ஃபார்ம்ட்’ என்று எழுதியிருந்தால் புத்தகம் படித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். லெவல் 1 மட்டும் முடித்தவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல அடிப்படைப் பயிற்சி உள்ள ஒருவர் கூடுதலாக அதைச் செய்திருந்தால் நல்லதே. அது மட்டுமே மூலதனமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

‘20 ஆண்டு அனுபவம்’ என்றால் எதில் என்றும் பாருங்கள். மனிதவளத் துறை, பள்ளி, சமயப் பணி எல்லாம் சேர்த்து எண்ணுபவர்கள் உண்டு.

3. பதிவேட்டில் நீங்களே தேடுங்கள்

சட்டப் பதிவு இல்லாவிட்டாலும் தொழில் சங்கங்கள் பதிவேடு வைத்திருக்கின்றன. தெரபிஸ்ட் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்பி உட்காராதீர்கள், சங்கத்தின் பக்கத்தில் தேடுங்கள். எல்லாம் இலவசம்.

ஆலோசகர் என்றால் சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கமான எஸ்ஏசி. உளவியலாளர் என்றால் சிங்கப்பூர் உளவியல் சங்கம் நடத்தும் உளவியலாளர் பதிவேடு. சமூக ஊழியர் என்றால் சிங்கப்பூர் சமூக ஊழியர் சங்கத்தின் ‘ஆர்எஸ்டபிள்யூ’ (பதிவுபெற்ற சமூக ஊழியர்) பதிவு. மனநல மருத்துவர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம். இந்தக் கடைசி ஒன்றுதான் சட்டப்படி கட்டாயப் பதிவு. அதில் சிறப்பு மருத்துவர் பட்டியலும் சேர்ந்து வரும்.

பெயர் கிடைக்கவில்லையென்றால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். நம் பெயர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இணையப் பக்கத்தில் ஒற்றைப் பெயராக இருப்பவர் பதிவேட்டில் அப்பா பெயரோடு எஸ்/ஓ, டி/ஓ சேர்த்து இருப்பார். இந்தியாவில் பதிந்தவர் இனிஷியலோடு இருப்பார். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருக்கும். எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து இடறினாலும் தேடல் காலியாகத்தான் வரும். அதனால் ‘எந்தப் பெயரில், எந்தச் சங்கத்தில், எந்த எண்ணில் பதிவு?’ என்று அவரிடமே கேட்டு வாங்கித் தேடுவது சுலபம்.

பெயர் கிடைத்த பிறகும் எந்த நிலை உறுப்பினர் என்று பாருங்கள். மாணவர் உறுப்பினர், துணை உறுப்பினர், பதிவுபெற்ற ஆலோசகர் எல்லாரும் தங்களை ‘சங்க உறுப்பினர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது பதிவுபெற்ற நிலை. பதிவு இந்த ஆண்டுக்கும் செல்லுமா என்பதும் முக்கியம்.

வெளிநாட்டுப் பயிற்சி உள்ளவர்கள் சிங்கப்பூரில் ஏராளம். அமெரிக்க உரிமம் என்றால் அது மாநில உரிமம், நாடு முழுதுக்கும் ஆனது இல்லை. எந்த மாநிலம் என்று கேட்டு, அந்த மாநில வாரியத்தின் பக்கத்தில் உரிம எண்ணைப் போட்டால் காலாவதி ஆகிவிட்டதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது வரை காட்டும். பிரிட்டனில் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது, அங்குள்ள சுகாதாரத் தொழில்கள் மன்றமான எச்சிபிசியின் பதிவேட்டில் பார்க்கலாம். அங்கே ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, யுகேசிபி போன்ற சைக்கோதெரபி அமைப்பில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய உளவியலாளர் என்றால் அங்குள்ள சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பான ஆப்ராவின் பதிவேடு.

ஊரில் உள்ளவரோடு வீடியோவில் பேசலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்சிஐயின் மத்தியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிலையம் போன்ற இடத்தில் எம்ஃபில் முடித்தவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். வெறுமனே ‘கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்பவர்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். கட்டணம் குறைவு, தமிழில் சரளமாகப் பேசலாம், உண்மைதான். ஆனால் இங்கே நெருக்கடி என்று வந்தால் அவரால் யாரையும் உங்கள் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நானாக இருந்தால் நிலைமை அமைதியாக உள்ளவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சங்கம் தன் உறுப்பினர் மேல்தான் நடவடிக்கை எடுக்க முடியும். எந்தச் சங்கத்திலும் இல்லாத ஒருவர் உங்கள் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டால், தொழில்முறையில் புகார் கொடுக்க ஒரு வாசல்கூட இல்லை.

4. பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்

பல இடங்களில் பத்துப் பதினைந்து நிமிட இலவசத் தொலைபேசி உரையாடல் தருகிறார்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படி அனுப்பலாம்:

‘வணக்கம். நாங்கள் தம்பதியாக வர விரும்புகிறோம். உங்கள் அடிப்படைத் தகுதி, தம்பதி சிகிச்சையில் பெற்ற பயிற்சி, எந்தச் சங்கத்தில் எந்தப் பெயரில் பதிவு என்ற விவரம் வேண்டும். ஒரு அமர்வு எத்தனை நிமிடம், ஜிஎஸ்டி சேர்த்துக் கட்டணம் எவ்வளவு, ரத்து விதி என்ன? தமிழில் பேச முடியுமா?’

இதற்கு எரிச்சல் காட்டும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எங்களுக்கு ஓர் இடத்திலிருந்து ‘நம்பிக்கை இல்லாமல் வந்தால் சிகிச்சை பலிக்காது’ என்று பதில் வந்தது. சாமியாரிடம் போகிறோமா என்று என் கணவர் கேட்டார்.

பேசும்போது கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று ரகசியம் பற்றியது. தம்பதி சிகிச்சையில் தெரபிஸ்ட் உங்கள் இருவரையும் தனித்தனியாகவும் ஒருமுறை பார்ப்பார். அப்போது ஒருவர் ‘எனக்கு வேறொரு உறவு இருக்கிறது, அவரிடம் சொல்லாதீர்கள்’ என்றால் என்ன செய்வார்? சிலர் ‘இருவருக்கும் இடையே நான் ரகசியம் வைப்பதில்லை’ என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். சிலர் வைப்பார்கள். எது உங்களுக்குச் சரி என்பது உங்கள் விருப்பம். ஆனால் ‘அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று மழுப்புபவருக்குத் தம்பதி சிகிச்சையில் பயிற்சி குறைவு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மாமனார் மாமியாரோடு ஒரே வீவக (எச்டிபி) வீட்டில் இருப்பது, ஊருக்குப் பணம் அனுப்புவது, சாதி மாறிய கல்யாணம், பிள்ளை இன்னும் இல்லை என்று உறவினர் குடைவது. இவற்றை நீங்கள் விளக்க வேண்டியிராமலே புரிந்துகொள்கிறாரா, அல்லது ‘தனிக்குடித்தனம் போய்விடுங்கள்’ என்று ஒரே வரியில் முடிக்கிறாரா என்று பாருங்கள். தமிழரல்லாத ஒருவர் இதை நன்றாகவே கையாளலாம், தமிழர் ஒருவர் சொதப்பலாம். தமிழில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பீட்டி சாலையில் உள்ள, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தில் முதலில் கேளுங்கள். அடுத்து உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் தமிழ் பேசும் ஊழியர் உண்டா என்று விசாரிக்கலாம். மொழிபெயர்க்க அண்ணி, மச்சான் என்று வீட்டு ஆளை மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

நம் சமூகம் இங்கே சிறியது. தெரபிஸ்ட் உங்கள் கோயில் குழுவிலோ, பிள்ளையின் தமிழ் வகுப்புப் பெற்றோர் வட்டத்திலோ இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். தெரிந்தவருக்குச் சிகிச்சை தருவதைத் தொழில் நெறிகளே தவிர்க்கச் சொல்கின்றன. நல்லவர் தானே முன்வந்து சொல்லிவிடுவார்.

வெற்றி உறுதி என்று வாக்குத் தருபவர், முதல் பேச்சிலேயே யார் மேல் தப்பு என்று சொல்பவர், ஜாதகமும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன் என்பவர் ஆகியோரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

5. செலவு

குடும்பச் சேவை நிலையங்கள் தீவு முழுதும் 40-க்கு மேல் இருக்கின்றன. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் நிதியில் இயங்குபவை, ஆலோசனைக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று தெரிய அரசாங்கத்தின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000. திருமணப் பிரச்சினைக்கென்றே தனிப் பிரிவு உள்ள நிலையம் எது என்பதையும் அங்கேயே கேளுங்கள். இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள், அங்கே ஊழியர்களுக்கு மேற்பார்வை ஒழுங்காக நடக்கிறது. தனியாகக் கடை வைத்திருக்கும் சிலரைவிட அது மேல்.

நடுவில் அறநிறுவனங்கள். இவற்றில் பல உங்கள் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைக்கின்றன. கேட்டால்தான் குறைப்பார்கள். நிறுவனம் பதிவுபெற்ற அறநிறுவனமா என்று அரசாங்கத்தின் அறநிறுவன இணைய வாசலில் பார்த்துக்கொள்ளலாம்.

தனியாரில் தம்பதி அமர்வு ஒன்றுக்கு 150 வெள்ளியிலிருந்து 350 வெள்ளி வரை சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. 60 நிமிடமா 90 நிமிடமா என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும். 180 வெள்ளி 60 நிமிடமும், 240 வெள்ளி 90 நிமிடமும் இருந்தால் இரண்டாவதுதான் மலிவு. தம்பதிக்கு 60 நிமிடம் போதாது என்பது என் கருத்து. ஒருவர் புலம்பி முடிக்கவே பாதி போய்விடும். ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டிய நிறுவனம் கட்டணத்தின் மேல் 9% ஜிஎஸ்டி போடும், சின்ன இடங்களில் இருக்காது. வார இறுதிக்கும் மாலை நேரத்துக்கும் கூடுதல் கட்டணம் வைப்பவர்கள் உண்டு.

இஎஃப்டி போன்ற முறைகளில் 8 முதல் 20 அமர்வு வரை ஆகும் என்பது பொதுவான கணக்கு. 200 வெள்ளி வீதம் பத்து அமர்வு என்றால் 2,000 வெள்ளி. இந்தத் தொகையை ஆரம்பத்திலேயே இருவரும் பேசிவிடுங்கள். நான்காவது அமர்வில் பணத்துக்காகச் சண்டை வந்தால் வந்த காரியமே கெடும்.

பத்து அமர்வுத் தொகுப்பை முன்பணம் கட்டி வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். முதல் இரண்டு அமர்வுக்கு முன் வாங்காதீர்கள். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம் என்பது வழக்கமான விதி, சில இடங்களில் 48 மணி. ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மத்திய சேம நிதியில் மருத்துவச் செலவுக்கென்று சேரும் மெடிசேவ் பணத்தைத் திருமண ஆலோசனைக்கு எடுக்க முடியாது. கம்பெனி இன்சூரன்ஸும் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை. ஆனால் பல நிறுவனங்கள் ‘ஈஏபி’ என்ற ஊழியர் உதவித் திட்டத்தில் சில அமர்வுகளை இலவசமாகத் தருகின்றன, வீட்டுப் பிரச்சினைக்கும் செல்லும். என்ன பேசினீர்கள் என்பது முதலாளிக்குப் போகாது என்று அந்தத் திட்டத்தின் எழுத்து விதியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

6. ஆவணங்கள்

எடுத்துப் போக வேண்டியது குறைவு. அடையாள அட்டை அல்லது வேலை அனுமதிச் சீட்டு, இருவர் சாப்பிடும் மருந்துப் பட்டியல், கட்டணச் சலுகை கேட்பதாக இருந்தால் சம்பளச் சீட்டு. கல்யாணச் சான்றிதழை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட வேண்டியதுதான் முக்கியம். ஒப்புதல் படிவம் என்று இரண்டு மூன்று பக்கம் தருவார்கள். முதல் நாள் வரவேற்பறையில் பேனாவோடு நீட்டினால் அவசரத்தில் போட்டுவிடுவோம். இரண்டு நாள் முன்பே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: ரகசியத்துக்கு விதிவிலக்கு எப்போது (உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் தீங்கு என்றால் வெளியே சொல்வார்கள், அது சரிதான்), பயிற்சிக்காக அமர்வைப் பதிவு செய்வார்களா (நீங்கள் மறுக்கலாம், மறுப்பதால் சிகிச்சை நிற்கக் கூடாது), குறிப்புகளை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், கடிதம், அறிக்கை எழுதத் தனிக் கட்டணமா.

நீதிமன்ற விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. வழக்கறிஞரிடம் பேசியதற்கு உள்ள சட்டக் காப்பு ஆலோசகரிடம் பேசியதற்கு இல்லை. மணமுறிவு வழக்கு வந்தால் அவர் குறிப்புகளை நீதிமன்றம் கேட்க முடியும். அதற்காகப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம். ஆனால் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்குச் சாதகமாக அறிக்கை வாங்கும் எண்ணத்தோடு தம்பதி சிகிச்சைக்குப் போகாதீர்கள். நேர்மையான தெரபிஸ்ட் அந்த அறிக்கையை எழுத மாட்டார். எழுதித் தருகிறேன் என்பவரிடம் போகவே கூடாது.

7. காலம்

தனியாரில் வார நாள் பகல் என்றால் சீக்கிரம் இடம் கிடைக்கும். சனிக்கிழமையும் மாலை 6 மணிக்கு மேலும் எல்லாரும் கேட்கும் நேரம், காத்திருக்க வேண்டும். குடும்பச் சேவை நிலையத்தில் முதலில் ஒரு ஊழியர் விவரம் கேட்டு எழுதிக்கொள்வார், பிறகுதான் உங்களுக்கென்று ஆள் ஒதுக்குவார்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி என்று ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் அதற்கு முன்னால் ஒரே ஒரு அமர்வு வைத்துவிட்டுப் போவது வீண். புண்ணைக் கிளறிவிட்டு விமானம் ஏறுவீர்கள். வந்தபின் தொடங்கி, முதல் நான்கை வாரம் அல்லது இரு வார இடைவெளியில் வையுங்கள்.

முதல் அமர்வில் எதுவும் தீராது. பல முறைகளில் முதலில் இருவரும் சேர்ந்து, பிறகு தனித்தனியாக, மறுபடி சேர்ந்து என்று மதிப்பீட்டுக்கே மூன்று நான்கு சந்திப்பு போகும். அதன் முடிவில் ‘உங்களிடையே நடப்பது இது, இப்படி இப்படி வேலை செய்யலாம்’ என்று ஒரு திட்டம் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் கேளுங்கள். கேட்டும் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

8. சரிப்படவில்லையென்றால்

மாறலாம். மாறுவதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் தெரபிஸ்ட் குறைவு. போகும் முன் ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள், புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கக்க வேண்டியிருக்காது. சுருக்கத்தை இருவரும் படித்துச் சம்மதித்த பிறகே அனுப்பட்டும்.

நடத்தையில் குறை என்றால் அவர் பதிந்துள்ள சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தேதி, நடந்தது, ரசீது, வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் சேர்த்து வையுங்கள். பணத் தகராறு மட்டும் என்றால், உதாரணமாக வாங்கிய தொகுப்பில் மீதியைத் திருப்பித் தரவில்லையென்றால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ உதவும். அதற்கும் மசியவில்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை எடுத்துக்கொள்ளும். வழக்கறிஞர் வேண்டாம், 5,000 வெள்ளிக்குட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீதில் நிறுவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று முதல் அமர்வன்றே பார்த்துவிடுங்கள். பேநவ்வில் (கைபேசி வழியே பணம் அனுப்பும் முறை) தெரபிஸ்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டு ரசீது இல்லாமல் நின்றால் யார் மேல் மனுப் போடுவது என்பதே தெரியாமல் போய்விடும்.